திரும்பி வரும் ராக்கெட்டுகளைப் பின்தொடர்வது எப்படி? டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

2019-இல் புதுச்சேரி வம்பாகீரப்பாளையம் மீனவர்கள் இழுத்த வலையில் நீளமான உலோகக் குழாய் ஒன்று சிக்கியது. அது பிஎஸ்எல்வி ராக்கெட்டின் பக்கவாட்டு மோட்டார். 12 டன் திட எரிபொருளை ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் எரித்துத் தீர்த்துவிட்டுக் கடலில் விழுந்த வெறும் கூடு. வங்காள விரிகுடாவின் அடியில் இப்படி எத்தனையோ கூடுகள் கிடக்கின்றன. ராக்கெட் என்றாலே ஒருதடவை விட்டுவிட்டுக் கடலுக்குக் கொடுத்துவிடுவது என்றுதான் உலகம் முழுக்கப் பழக்கம். 1981 முதல் 2011 வரை பறந்த அமெரிக்க விண்வெளி ஓடம் திரும்பி வந்தது. ஆனால் அதன் பெரிய ஆரஞ்சு எரிபொருள் தொட்டி ஒவ்வொரு முறையும் போய்விடும், ஓடத்தைப் பழுதுபார்த்து மறுபடி கிளப்பவும் மாதக்கணக்கில் ஆகும்.

அந்தப் பழக்கம் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ உட்கார்ந்து, கையில் ஒரு செல்போனை மட்டும் வைத்துக்கொண்டே அதை நன்றாகப் பின்தொடரலாம். ஏவுகிற அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் பார்த்தால் வாணவேடிக்கை பார்த்த மாதிரிதான் இருக்கும். போன ராக்கெட்டுக்கும் இந்த ராக்கெட்டுக்கும் நடுவில் என்ன மாற்றினார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தால் இந்தப் பைத்தியம் லேசில் விடாது.

படி 1: முதலில் பால்கன் 9-ஐப் பிடியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் நேராக எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் சோதித்துவரும் ராட்சத ராக்கெட்டான ஸ்டார்ஷிப்புக்குப் போகிறார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். ஸ்பேஸ்எக்ஸின் பால்கன் 9 வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பறக்கிறது. அதனால் பாடம் படிக்க அதுதான் வசதி. இன்று விட்டுவிட்டாலும் நாளை மறுநாள் இன்னொன்று இருக்கும்.

ராக்கெட்டின் உயரம் 70 மீட்டர். அடிப்பகுதியில் 9 மெர்லின் இன்ஜின்கள். அவற்றோடு கீழே இருக்கும் பெரிய பாகம்தான் பூஸ்டர் எனப்படும் முதல் நிலை. அதுதான் திரும்பி வருகிறது. மேலே போகும் இரண்டாம் நிலை இன்றைக்கும் திரும்புவதில்லை. மூக்குப் பகுதியில் செயற்கைக்கோளை மூடியிருக்கும் இரண்டு ஓடுகளும் பாராசூட்டில் கடலில் இறங்கி, கப்பலில் ஏறி வந்து மறுபடி பயன்படுகின்றன. மொத்த ராக்கெட்டின் விலையில் முதல் நிலை மட்டும் சுமார் 60 சதவீதம் என்று எலான் மஸ்க் சொல்லியிருக்கிறார். அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவு பாடு.

நேரலையைத் திறந்ததும் திரையின் கீழே வேகமும் உயரமும் எண்களாக ஓடும். படத்தைவிட அந்த எண்களைப் பாருங்கள். ஒரு நிமிடம் பத்து விநாடி வாக்கில் காற்றின் அழுத்தம் உச்சத்தைத் தொடும். சுமார் இரண்டரை நிமிடத்தில் ஒன்பது இன்ஜினும் அணையும், இரண்டு நிலைகளும் பிரியும். இங்கே பெரும்பாலோர் கண் மேலே போகும் பாகத்தோடு போய்விடும். நீங்கள் கீழே இருப்பதோடு இருங்கள். அணைந்த பிறகும் பூஸ்டர் உடனே விழாது. இருக்கிற வேகத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேலே ஏறி, அப்புறம்தான் கவிழ்ந்து இறங்கும். ஆறு நிமிடம் தாண்டியதும் மூன்று இன்ஜின்கள் கொஞ்ச நேரம் எரியும். அடர்ந்த காற்றுக்குள் நுழையும்போது உடல் வெந்துபோகாமல் வேகத்தைக் குறைக்க அது. அதன்பின் தலைப்பக்கத்தில் இருக்கும் நான்கு வலைத்தட்டுகள், அதாவது கிரிட் ஃபின்கள், திரும்பித் திரும்பி வழியைச் சரிசெய்யும். எட்டு நிமிட வாக்கில் நடு இன்ஜின் மட்டும் பற்றும், கால்கள் விரியும், கால் தரையில் படும்.

கடைசி விநாடிகளில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. எரிபொருள் தீர்ந்த பூஸ்டர் மிகவும் லேசாகிவிடும். ஒரே ஒரு இன்ஜினை எவ்வளவு குறைத்து எரித்தாலும் அதன் உந்துவிசை பூஸ்டரின் எடையைவிட அதிகம். ஆகவே அது ஹெலிகாப்டர் மாதிரி அந்தரத்தில் நிதானித்து இறங்க முடியாது. இன்ஜினைச் சரியான நொடியில் பற்றவைத்து, வேகம் பூஜ்யமாகும் இடமும் தரையும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். சீக்கிரம் பற்றவைத்தால் மறுபடி மேலே கிளம்பிவிடும், தாமதித்தால் மோதல்தான். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த உயர எண் பத்து, ஐந்து, இரண்டு என்று இறங்குவதே தனி திகில்.

நடுக்கடல் மேடையில் இறங்கும்போது பலமுறை படம் உறைந்துவிடும். உங்கள் நெட்டைத் திட்ட வேண்டாம். இன்ஜின் அதிர்வில் மேடையிலிருந்து செயற்கைக்கோளுக்குப் போகும் இணைப்பே துண்டிக்கப்படுகிறது.

படி 2: நேரத்தை நம் கடிகாரத்துக்கு மாற்றுங்கள்

முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திவைப்பார்கள். அந்தக் கோடைக் கணக்கில் ஃப்ளோரிடா நேரத்தோடு ஒன்பதரை மணி, டெக்சாஸ் நேரத்தோடு பத்தரை மணி, கலிபோர்னியா நேரத்தோடு பன்னிரண்டரை மணி கூட்டினால் நம் நேரம். குளிர்காலத்தில் மூன்றுக்கும் இன்னும் ஒரு மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு, ஸ்டார்ஷிப்பின் ஐந்தாவது சோதனை 2024 அக்டோபர் 13 அன்று டெக்சாஸில் காலை 7:25-க்குக் கிளம்பியது. இங்கே ஞாயிறு மாலை 5:55, டீக்கடையில் கூட்டம் நிற்கும் நேரம். பத்தாவது சோதனை அங்கே 2025 ஆகஸ்ட் 26 மாலை 6:30. நமக்கு 27-ஆம் தேதி விடிகாலை 5 மணி. தேதியும் மாறுகிறது, கவனியுங்கள். அலாரத்தை ஏவும் நேரத்துக்கு அரை மணி முன்பாக வையுங்கள். எரிபொருள் நிரப்புவதில் ஏதாவது கோளாறு என்றால் அந்த அரை மணியில்தான் தெரியும், ஒத்திவைத்தால் மறுபடி போய்ப் படுத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலமாக இருந்தால் முந்தின இரவே போனை முழுக்க சார்ஜ் போட்டுவிடுங்கள். கரண்ட் போனால் வைஃபையும் போகும்.

படி 3: ஏவுதலுக்கு முந்தைய வாரங்களைப் பாருங்கள்

பால்கன் 9 பழகிவிட்டதா? சரி, இப்போது ஸ்டார்ஷிப். இது வளர்ந்துகொண்டிருக்கும் ராக்கெட். அதனால் இதன் சுவை ஏவுதலுக்கு முன்னால்தான் அதிகம்.

இடம், டெக்சாஸின் தென்கோடியில் ரியோ கிராண்டே ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டார்பேஸ். சுற்றிலும் தாழ்ந்த ஈரநிலம், பறவைகள், ஒரு கடற்கரை, அங்கே போக ஒரே ஒரு நெடுஞ்சாலை. இந்த ஒற்றைச் சாலைதான் நமக்குத் தகவல் சொல்லும் ஆள். பெரிய சோதனை எது நடந்தாலும் பாதுகாப்புக்காகச் சாலையையும் கடற்கரையையும் மூட வேண்டும், மூடப்போவதை உள்ளூர் நிர்வாகம் முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும். நிறுவனம் வாய் திறப்பதற்கு முன்பே இந்த அறிவிப்பை வைத்து ரசிகர்கள் நாள் குறித்துவிடுவார்கள்.

சோதனைகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கடுங்குளிர் சோதனை: தொட்டிகளில் திரவ நைட்ரஜனை நிரப்பி அழுத்தம் ஏற்றி, வெல்டிங் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். எஃகு உடலில் உறைபனி வெள்ளையாக எதுவரை ஏறியிருக்கிறதோ, அதுவரை திரவம் நிரம்பியிருக்கிறது என்று பொருள். வெளியிலிருந்தே கண்ணால் படிக்கலாம். அடுத்து நிலைநிறுத்திய எரிப்பு: ராக்கெட்டைக் கட்டிப்போட்டு இன்ஜின்களைச் சில விநாடிகள் எரிப்பது. அப்புறம் பூஸ்டரின் மேல் ஷிப்பை, அதாவது இரண்டாம் நிலையை, தூக்கி அடுக்குவது. இதற்கிடையில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் உரிமம் வர வேண்டும். விமானங்களுக்கான நோட்டாம் எச்சரிக்கையும் கப்பல்களுக்கான எச்சரிக்கையும் வெளிவர வேண்டும். மஸ்க் ஒரு தேதி சொல்லி, நோட்டாமும் உரிமமும் வரவில்லை என்றால் அந்தத் தேதியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் சொல்லும் தேதி ஆசை. நோட்டாமில் வருவதுதான் தேதி.

இதன் பூஸ்டரில் 33 ராப்டர் இன்ஜின்கள், மேலே ஷிப்பில் 6. எரிபொருள் திரவ மீத்தேன். நம் பக்கம் மீத்தேன் என்றாலே போராட்டப் பந்தல்தான் நினைவுக்கு வரும், 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமே வந்த மண் இது. ராக்கெட்காரர்கள் அதை விரும்பக் காரணம் வேறு: மண்ணெண்ணெய் எரிந்தால் இன்ஜினுக்குள் கரி படியும், மீத்தேனில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. மறுபடி மறுபடி எரிக்க வேண்டிய இன்ஜினுக்கு அது பெரிய விஷயம்.

பூஸ்டருக்குக் கால்களே கிடையாது. கிளம்பிய ஏழு நிமிடத்தில் அதே கோபுரத்துக்குத் திரும்பி வந்து, கோபுரத்தின் இரண்டு இரும்புக் கைகளுக்கு நடுவே நிற்க வேண்டும். இறங்கும்போது 13 இன்ஜின்கள் பற்றி, பிறகு 3 ஆகக் குறையும். திரையின் ஓரத்தில் இன்ஜின்கள் வட்ட வட்டப் புள்ளிகளாகத் தெரியும், எரிகிறவை வெள்ளை. அந்தப் புள்ளிகளை எண்ணுவதுதான் எல்லா ரசிகரும் முதலில் பழகும் வித்தை. 2024 அக்டோபர் 13 அன்று முதல் முயற்சியிலேயே பிடித்துவிட்டார்கள்.

படி 4: வெடித்ததைப் படிக்கத் தெரிய வேண்டும்

மறுநாள் செய்தியில் இரண்டே தலைப்புகள்தான் வரும்: "சாதனை" அல்லது "வெடித்துச் சிதறியது". இரண்டுமே நமக்கு உதவாது. என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளச் சுலபமான வழி, ஏவுவதற்கு முன்பே நிறுவனம் வெளியிடும் இலக்குகளை எழுதிவைத்துக்கொண்டு, முடிந்ததும் ஒவ்வொன்றாக டிக் அடிப்பது.

2025-ஐ எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் ஏழாவது சோதனை: பூஸ்டரைப் பிடித்தாயிற்று, ஷிப் போய்விட்டது. எதிர்பார்த்ததைவிடக் கடுமையான அதிர்வில் கசிவு ஏற்பட்டுத் தீப்பிடித்தது. மார்ச்சில் எட்டாவது: மறுபடி பூஸ்டர் கையில், ஷிப் இல்லை. இரண்டும் பயணத்தின் ஏறக்குறைய ஒரே கட்டத்தில் நடந்ததால் "பழைய கோளாறேதான்" என்று பலர் முடிவுகட்டினார்கள். ஆனால் எட்டாவதில் இன்ஜின் ஒன்றின் பாகம் பழுதானது, அது வேறு காரணம். மே மாதம் ஒன்பதாவதில், ஏழாவதில் பறந்த அதே பூஸ்டர் திரும்பவும் பறந்தது. 33-இல் 29 இன்ஜின்கள் பழையவை. மறுபயன்பாட்டைப் பின்தொடர்கிறவருக்கு அன்றைய செய்தி அதுதான். ஆனால் அந்தப் பூஸ்டர் இறங்கும்போது சிதறியது, ஷிப் கட்டுப்பாடில்லாமல் சுழன்றது, தலைப்புகள் அங்கேயே நின்றுவிட்டன. ஜூன் 18 அன்று அடுத்த ஷிப் சோதனை மேடையிலேயே வெடித்தது. ஆகஸ்டில் பத்தாவது, மாதிரிச் செயற்கைக்கோள்களை வெளியே தள்ளி, விண்ணில் இன்ஜினை மறுபடி பற்றவைத்து, இந்தியப் பெருங்கடலில் இறங்கியது. அக்டோபரில் பதினோராவது, அதே வடிவத்தின் கடைசிப் பயணமாக அதைத் திரும்பச் செய்துகாட்டியது.

இதற்கெல்லாம் முன்னோடிக் கதை பால்கன் 9-இலேயே இருக்கிறது. 2015 ஜனவரியில் கிரிட் ஃபினை இயக்கும் ஹைட்ராலிக் திரவம் தீர்ந்து பூஸ்டர் மேடையில் மோதியது. ஏப்ரலில் வால்வு ஒன்று தாமதித்ததால் இறங்கியும் கவிழ்ந்தது. டிசம்பர் 21-இல் ஃப்ளோரிடாத் தரையில் நிமிர்ந்து நின்றது. அடுத்த மாதமே இன்னொன்று, ஒரு கால் சரியாகப் பூட்டாததால் சாய்ந்து வெடித்தது. ஒவ்வொன்றும் வேறு வேறு காரணம் என்பதைப் பாருங்கள். அதே காரணத்துக்காக மறுபடி மறுபடி விழும் திட்டமாக இருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

படி 5: ஒரு நோட்டு போடுங்கள்

செல்போனில் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு போதும். பூஸ்டர் எண், எத்தனையாவது பயணம், முந்தைய பயணத்திலிருந்து எத்தனை நாள், எங்கே இறங்கியது. நான்கு பத்திகள். ஒவ்வொரு பால்கன் பூஸ்டருக்கும் எண் உண்டு. பி1067 என்ற பூஸ்டர் 30 முறைக்கு மேல் பறந்திருக்கிறது.

இதில் மூன்றாவது பத்தியைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். சம்பா அறுப்பு சமயத்தில் நம் ஊருக்கு வரும் கதிர் அறுக்கும் மிஷினை நினைத்துக்கொள்ளுங்கள். மிஷின் திரும்பி வந்தால் போதாது, அடுத்த வயலுக்கு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதில்தான் முதலாளிக்குப் பணம். 2017 மார்ச்சில் முதல்முறையாக ஒரு பால்கன் பூஸ்டர் இரண்டாவது தடவை பறந்தபோது, இரண்டு பயணங்களுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு வருடம். 2025 மார்ச்சில் ஒரு பூஸ்டர் ஒன்பதே நாளில் மறுபடி கிளம்பியது. எட்டு வருட வளர்ச்சியும் இந்த ஒரு பத்தியில் தெரிந்துவிடும்.

மற்ற நிறுவனங்களுக்குத் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள். ப்ளூ ஆரிஜினின் நியூ கிளென் 2025 ஜனவரியில் முதல் பயணத்திலேயே சுற்றுப்பாதையை எட்டியது, பூஸ்டர் மட்டும் கைவிட்டுப்போனது. நவம்பர் 13-இல் இரண்டாவது பயணத்தில் கப்பலில் நின்றது. சீனாவின் சூச்சுவே-3 அதே ஆண்டு டிசம்பரில் சுற்றுப்பாதைக்குப் போனது, பூஸ்டர் இறங்குமிடத்தில் சிதறியது. ராக்கெட் லேபின் நியூட்ரான் இன்னொன்று.

படி 6: இஸ்ரோவுக்கு வேறு கண் வேண்டும்

ஸ்பேஸ்எக்ஸ் வேகத்தை எதிர்பார்த்து இஸ்ரோவைப் பார்த்தால் சலிப்புதான் மிஞ்சும். இங்கே வருடத்துக்கு ஒன்றிரண்டு அடி. ஆனால் ஒவ்வொரு அடியையும் பற்றி இஸ்ரோ நல்ல குறிப்பு வெளியிடுகிறது, அதைப் படித்தால் விஷயம் கிடைக்கும்.

இஸ்ரோ முதலில் எடுத்தது இறக்கை வைத்த வழி. 2016 மே 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு சிறிய விண்வெளி விமானம் 65 கிலோமீட்டர் உயரம் போய் வங்கக் கடலில் இறங்கியது. அப்புறம் கர்நாடகத்தின் சித்ரதுர்கா ஓடுதளத்தில் இறங்கும் பயிற்சி: 2023 ஏப்ரல், 2024 மார்ச், 2024 ஜூன். சினூக் ஹெலிகாப்டர் அந்த விமானத்தை நாலரைக் கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிப்போய் விட்டுவிடும். இன்ஜின் இல்லாமல் தானே ஓடுதளத்தைத் தேடி வந்து இறங்கும். இறங்கும் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல், பயணிகள் விமானத்துக்கு 260 வாக்கில்தான். தரை தொட்டதும் பாராசூட் விரிந்து நூறுக்குக் குறைக்கும். மூன்றாவது சோதனையில் வேண்டுமென்றே ஓடுதளத்தின் நேர்கோட்டிலிருந்து 500 மீட்டர் தள்ளி விட்டார்கள், அதுவும் சரிசெய்துகொண்டு வந்துவிட்டது. அதில் பறந்தது இரண்டாவது சோதனையில் பறந்த அதே உடல். இந்த வரி பெரும்பாலான செய்திகளில் வரவே இல்லை.

அடுத்து எதிர்பார்க்க வேண்டியது புதிய தலைமுறை ஏவுவாகனம். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 8,240 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு 30 டன், முதல் நிலை திரும்பி வரும். எட்டு வருடக் கெடு என்பதால் பொறுமை வேண்டும்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30-இல் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாகச் செய்த இன்ஜினைப் பறக்கவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைக்குத் தெற்கே திருவிடந்தையிலிருந்து ரூமி-1 என்ற சிறிய ராக்கெட் கிளம்பியது, பாராசூட்டில் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் எண்ணத்தில் செய்தது. தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நட்ட ஏவுதளம், தெற்கே ஏவும்போது இலங்கையைச் சுற்றிப் போகும் எரிபொருள் செலவை மிச்சப்படுத்தும்.

படி 7: நம் கடற்கரையிலிருந்து கண்ணால் பாருங்கள்

காரைக்காலிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா நேர்கோட்டில் 310 கிலோமீட்டர் சொச்சம். பூமி உருண்டை என்பதால் ராக்கெட் சுமார் 8 கிலோமீட்டர் ஏறிய பிறகே நம் அடிவானத்துக்கு மேலே வரும். 50 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்போதும் அது அடிவானத்திலிருந்து ஏழெட்டு டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் 10 டிகிரி, அதைவிடக் கொஞ்சம் கீழே. ஆகவே தரங்கம்பாடி, பூம்புகார், நாகை மாதிரி வடக்கும் கிழக்கும் திறந்த கடற்கரையாக இருக்க வேண்டும். ஊருக்குள் தென்னை மரமே மறைத்துவிடும்.

வடக்கே, கடல் பக்கம் சற்றுச் சாய்ந்து பாருங்கள். ஏவிய ஒன்றிரண்டு நிமிடத்தில் ஆரஞ்சுப் புள்ளி தெரிந்து கிழக்கு நோக்கி நகரும். சத்தம் வராது. இரவு ஏவுதல் நல்லது. அதைவிட நல்லது விடியலுக்குச் சற்று முன்னும் அந்தி முடிந்த பின்னும்: நமக்கு இருட்டு, மேலே புகைக்கு மட்டும் வெயில் படும். மாசி, பங்குனியில் வானம் ஒத்துழைக்கும். வடகிழக்குப் பருவமழையில் நேரலையே போதும்.

பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்றால் ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் இருக்கிறது. ஏவுதலுக்குச் சில நாட்களுக்கு முன் இணையத்தில் பதிவு திறப்பார்கள், இடங்கள் மளமளவென்று தீர்ந்துவிடும். அடையாள அட்டை அவசியம். கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக இரவு ரயிலில் சென்னை எழும்பூர், அங்கிருந்து சென்ட்ரல் போய் சூலூர்ப்பேட்டை புறநகர் ரயில். அதற்கு மேல் 18 கிலோமீட்டர்போல சாலைவழி. ஏவுதல் கடைசி நிமிடத்தில் மறுநாளைக்குத் தள்ளிப்போவது சகஜம் என்பதால் திரும்பும் டிக்கெட்டை அன்றைக்கே எடுக்காதீர்கள். குடையும் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள், மாடத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும்.